பருந்து வரும் என்றுதான் சொன்னேன்

என் செல்ல அப்பாவுக்கு,

கடையைக் கழுவிவிட்டு, நீங்கள் உட்காரும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்று நம்மூர் மாரியம்மனுக்குக் கும்பாபிஷேகம் முடிந்தது. உங்கள் அண்ணனுக்கு நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் என் கையைப் பிடித்துத் தடுத்திருப்பீர்கள். இல்லையே, என்ன செய்ய?

இந்தக் கடிதத்தை ஊரும் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊருக்குப் புதிதாக வாழ வந்த பெண்கள், "பருந்துக்காரர்" என்றால் நீங்கள் பருந்து வேட்டையாடியவர் என்று நினைக்கிறார்கள். தென்னை காய்ந்துபோன வருஷம் வேறு வழியில்லாமல் நீங்கள் கோழிக்கடை போட்டதும், அந்தத் தொழில் கேவலம் என்று அன்றிலிருந்து பெரியப்பா நம் வாசலை மிதிக்காமல் போனதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? தினம் காலை ஒன்பதரைக்குக் கடை மொட்டை மாடியில் ஏறி, அலுமினியப் போசியை அதன் மூடியால் மூன்று தட்டு தட்டுவீர்கள். கனால் வாய்க்கால் ஓரத்துப் பனைகளிலிருந்து பருந்துகள் கிளம்பி வரும். குடலையும் தலையையும் நீங்கள் வீச, வட்டமடித்து இறங்கிக் காலால் அள்ளிக்கொண்டு போகும்.

அதற்கு முன்னால் ஊரில் பருந்து கோழிக்குஞ்சு தூக்காத நாளில்லை. பறிகொடுத்தவள் அரை நாள் வானத்தைப் பார்த்துச் சாபம் விடுவாள். சனிக்கிழமை அதே வானத்தில் வெள்ளைக் கழுத்துச் செம்பருந்து போனால், "கருடா, கருடா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மேலே பறந்தால் சாமி, கீழே இறங்கினால் திருடன் என்று நீங்கள் சிரிப்பீர்கள். வயிறு நிறைந்தால் எதற்குத் திருடப்போகிறது என்றுதான் தீனி போட ஆரம்பித்தீர்கள். குஞ்சுகளும் பிழைத்தன.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின கும்பாபிஷேகத்தை நான் மறக்கவில்லை. பெரியப்பாதான் கோயில் கமிட்டிப் பிரசிடெண்டு. அதற்கும் முந்தின தடவை கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிடவில்லை, அம்மன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஊர் பேசிக்கொண்டே இருந்தது. அவர் காலத்திலும் அப்படி ஆகிவிடக்கூடாதே. ஒரு மத்தியானம் நம் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தார். கலசத்துக்குத் தீர்த்தம் ஊற்றுகிற நேரத்தில் கோயிலுக்குப் பின்னால் தோப்பில் நின்று பருந்துகளைக் கூப்பிடச் சொன்னார். யாருக்கும் தெரியக்கூடாது என்றார்.

அண்ணன் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் நீங்கள் வேறெதையும் யோசிக்கவில்லை. தலைக்குக் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, போசியோடு தோப்புக்குப் போனீர்கள். மேளச் சத்தத்தில் உங்கள் மூன்று தட்டு பருந்துகளுக்கு மட்டும்தான் கேட்டது. கோபுரத்துக்கு மேலே கருடன் சுற்றியதும் ஊரே கத்தியது. பெரியப்பா கழுத்தில் மாலைக்கு மேல் மாலை விழுந்தது.

மறுநாள் தோப்பில் கோழிக் குடல் கிடப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். கோயில் இடத்தில் அசிங்கம் பண்ணியது யார் என்று அரசமரத்தடியில் கூட்டம். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் உங்கள் அண்ணனைப் பார்த்தீர்கள். அவர் எழுந்து நின்று, "என்ற தம்பியா இருந்தாலும் தப்பு தப்புதானுங்க" என்றார்.

நீங்கள் அந்த மண்ணிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தீர்கள். இனிமேல் கோயில் படி ஏறக்கூடாது என்றார்கள், அதற்கும் தலையாட்டினீர்கள். பிறகு ஒவ்வொரு நோம்பித் திருவிழாவுக்கும் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று கும்பிட்டுவிட்டு வருவீர்கள். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? "அண்ணன் பேரு கெட்டா அம்மன் பேருமல்லோ கெட்டுப்போகும், அம்மிணி" என்பீர்கள். அது அம்மனுக்காகவா, அண்ணனுக்காகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீங்கள் செத்த அன்று அந்த அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றே மாலையை நீட்டினார். என் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது அப்பா.

போன மாதம், இந்தக் கும்பாபிஷேகத்துக்காக, அவர் மறுபடியும் வந்தார். அதே பின்வாசல். காப்பி கொடுத்தேன். உங்கப்பன் அன்றைக்குப் பண்ணியதை நீயும் பண்ணிவிடு, குடலை மட்டும் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடு என்றார். வெட்கமில்லாமல் என்னிடமே கேட்டார்.

"அது தப்புன்னு அரசமரத்தடீல நீங்கதானுங்களே சொன்னீங்க, பெரியப்பா?"

"அது வேற அம்மிணி. ஊருன்னா நாலும் பேசும்."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். நான்தான் தம்பியை அனுப்பினேன் என்று ஊருக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும் என்றேன். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செத்தவனுக்கு எதுக்கு அம்மிணி பேரு?" என்றார்.

"செரிங்க பெரியப்பா. பருந்து வரும்" என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள். எங்கே வரும் என்று அவரும் கேட்கவில்லை.

காப்புக் கட்டி எட்டு நாள் ஊரில் கறி கிடையாது. கடையும் அடைப்பு, உங்களுக்குப் பிறகு தினமும் நான் போட்டுவந்த தீனியும் நின்றது. பருந்துகள் தினம் ஒன்பதரைக்கு மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போயின. நேற்று விடிந்ததும் கேரள எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறை போய் ஒரு கடையில் குடலும் தலையுமாக வாங்கி வந்தேன். அம்மா தாயே, கோபம் என்றால் என் மேல் வை என்று வேண்டிக்கொண்டு நம் மாடியில் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் களத்துக்கு அப்பால் கோபுரம். சாரத்தின் மேல் குருக்கள் பக்கத்தில் பட்டு வேட்டியோடு பெரியப்பா. கருடன் வரப்போகிறார், எல்லோரும் வானத்தைப் பாருங்கள் என்று மைக்கில் அவரே சொன்னார்.

போசியை மூன்று தட்டு தட்டினேன்.

பனையிலிருந்து எல்லாம் கிளம்பின. செம்பருந்து ஒன்று கோபுரத்தின் மேல் அரைச் சுற்றுப் போனது. ஊர் கத்த வாயெடுப்பதற்குள் அது திரும்பி நேராக நம் கடைக்கு வந்தது. பின்னாலேயே மற்றதெல்லாம். உங்கள் மாடிக்கு மேலே வட்டம், வட்டம், வட்டம். கூட்டத்தில் ஒரு கிழவி கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நம் கோழிக்கடையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எட்டு நாளாகக் கடை அடைப்பு, கறிக்கு வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை; அப்புறம் ஊரே திரும்பியது. குருக்கள் ஊற்றிய தீர்த்தத்தை யாரும் பார்க்கவில்லை.

பெரியப்பாவும் கும்பிட்டார் அப்பா. கும்பிடாமல் இருக்க முடியுமா? அது கறிக்கு வந்த பருந்து என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். நல்ல சந்தோஷம் இல்லை, தெரியும். இருந்தாலும் சந்தோஷம்தான்.

சாயங்காலம் ஊர்ப் பெரியவர்களோடு அவர் முன்வாசல் வழியாகவே வந்தார். கருடன் இறங்கிய இடமாயிற்றே, வராமல் முடியாது. உங்கள் படத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். என் காதோரமாகக் குனிந்து, "போதுமா அம்மிணி?" என்று கேட்டார்.

போதும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து அந்தக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற அப்பன் பண்ணுன பாவத்த அம்மன் மன்னிச்சுப் போட்டா, சாமி" என்று அழுதாள்.

மன்னித்துவிட்டாளாம். நீங்கள் என்ன பாவம் பண்ணினீர்கள், மன்னிப்பதற்கு?

"போதாதுங்க பெரியப்பா" என்றேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டல பூஜைக்குக் கூட்டம் போட்டிருக்கிறார்கள், அதே அரசமரத்தடியில். நீங்கள் விழுந்து கிடந்த இடத்தில் நின்று, பெரியப்பா முன்னால் உட்கார்ந்திருக்க, இதை முதல் வரியிலிருந்து வாசிக்கப்போகிறேன். நேற்று நம் மாடிக்கு வந்த கருடனும் அதோடு வெறும் பருந்தாகிவிடும். இன்றைக்குக் கடையில் வந்து கற்பூரம் ஏற்றியவர்களே நாளைக்கு மண்ணை வாரித் தூற்றுவார்கள். தூற்றட்டும். பசித்து வருவது சாமி இல்லை என்று யார் சொன்னது என்று நீங்கள் கேட்பீர்களே, அதையே நானும் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் கருடன் வேண்டாம் அப்பா. "நான்தான் அனுப்பினேன்" என்று உங்கள் அண்ணன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொல்லாவிட்டால் அடுத்த நோம்பிக்கு வாசிப்பேன், அதற்கடுத்த நோம்பிக்கும் வாசிப்பேன். அவர் சொல்கிற வரைக்கும் விடமாட்டேன். இது உங்கள் போசி மேல் சத்தியம்.

உங்கள் சொல் பேச்சு கேட்காத,
பருந்துக்காரர் மகள்