ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்தவர்கள்

மனுரேவா, ஆக்லாந்து
மார்ச் 2019

அன்பு மகன் நவினுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீ அங்கே அப்படி இல்லை என்று தெரிந்தும் சௌக்கியமா என்று கேட்க வேண்டியிருக்கிறது, கேட்கிறேன். போன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, மெசேஜ் படிக்க முடியவில்லை என்று நீ சொன்னதால்தான் இந்தக் காகிதம். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக்குப் போனது இன்றைக்காவது உனக்கு உதவட்டும். பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மெதுவாகப் படி, நடுவில் தலை வலித்தால் படுத்துக்கொள், ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிடு. சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் உன் கையில் சேர்ந்துவிடும் என்று கூரியர் கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார்.

அப்பாவுக்கு வேர்ஹவுஸில் பகல் ஷிப்ட்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் பையன்களின் ரக்பிக்கு ரெஃப்ரீயாகப் போய் விசில் ஊதிவிட்டு வருகிறார். உன் அக்கா விஷாலினி ஹென்டர்சனிலிருந்து வாராவாரம் வருகிறாள், அவள் குழந்தை நடக்கத் தொடங்கி மேஜை முனையிலெல்லாம் மண்டையை இடித்துக்கொள்கிறது, இடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய்த் தடவிப் பார்க்கிறேன். ரதிதேவி அத்தை இப்போது நம்மோடுதான் இருக்கிறார், உன் அறையைக் கொடுத்திருக்கிறோம். பின்பக்கம் ஃபிஜோவா பழுத்து விழ ஆரம்பித்துவிட்டது, பழம் தொப்பென்று விழுந்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்த பலன்.

உன் ஆட்டம் எனக்குப் புரியாது என்று நீயும் அப்பாவும் சிரிப்பீர்கள். உன்னைத் தவிர ஒருத்தனும் காலால் தொடாத ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்தவனுக்கே புரிந்திருக்காது, எனக்கு எப்படிப் புரியும். ஆனால் அமெரிக்காவில் காலேஜுக்காக நீ ஆடிய நான்கு வருஷமும் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவள் நான், அந்த ஆட்டத்துக்கும் இப்போது நீ சேர்ந்திருக்கிற இந்த வசந்த கால லீகுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். காலேஜிலும் அடித்துக்கொண்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பையனின் முழங்கால் பின்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன், எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததை அப்பா பார்த்தார், நான் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் அங்கே மேளம் இருந்தது, பாட்டு இருந்தது, ஒரு பையன் விழுந்தால் லட்சம் பேர் கப்சிப் என்று ஆனார்கள், இடித்தவனே மண்டியிட்டுக் காத்திருந்தான். இரண்டாம் வருஷம் உனக்கு மண்டையில் அடி பட்டபோது அந்த டாக்டரம்மா உன் ஹெல்மெட்டைப் பிடுங்கித் தன் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார், நீ கெஞ்சியும் கொடுக்கவில்லை, கோச் எனக்கே போன் செய்து இரண்டு வாரம் இவன் ஆடமாட்டான் என்று சொன்னார். அந்த அம்மாளுக்கு நான் இன்றைக்கும் விளக்கேற்றும்போது ஒரு நிமிஷம் ஒதுக்குகிறேன்.

இந்த லீகில் என்ன இருக்கிறது. பாதி நாற்காலி காலி. பெரிய லீகில் கழித்துக் கட்டப்பட்ட ஆம்பளைகள், வீட்டில் பிள்ளை குட்டி உள்ளவர்கள், யாரோ ஒருத்தர் பார்த்து மறுபடி கூப்பிடமாட்டாரா என்று ஒவ்வொரு இடியையும் கடைசி இடி மாதிரி இடிக்கிறார்கள். காலேஜ் பையன்கள் ஜெயிக்க இடித்தார்கள், இவர்கள் பிழைக்க இடிக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு ருசியாக இருக்கட்டும் என்று ஆட்டக்காரர்கள் மேலேயே மைக் வேறு வைத்திருக்கிறார்கள், பல் நெரிபடுவதும் மூச்சு வெளியேறுவதும் நம் வீட்டு ஹாலில் கேட்கிறது. தோள் எலும்பு ஒடிகிற சத்தம் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள நான் யாரிடமும் கேட்கவில்லை, எனக்குக் காட்டிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பகல், நாங்கள் எல்லோரும் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்திருந்தோம். நீ உதைப்பதற்காக உனக்கு வீசிய பந்து தலைக்கு மேல் போனது, நீ திரும்பி ஓடி எடுத்தாய். எடுத்தவன் கோட்டுக்கு வெளியே ஓடியிருக்கலாம், உதைப்பவன் அதைத்தான் செய்ய வேண்டும் என்று நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். மனுரேவாவில் ரக்பி ஆடி வளர்ந்த கால் கேட்குமா, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக அவர்கள் மேலேயே ஓடினாய். ஒருத்தன் உன் முழங்கால் மேல் வந்து விழுந்தான், இன்னொருத்தன், அந்தக் கடன்காரன், தாடைக்குக் கீழே தலையால் முட்டினான். உன் கழுத்து போன போக்கு கோழிக் கழுத்து மாதிரி இருந்தது. ஹெல்மெட் கழன்று உருண்டது. மூக்கிலும் வாயிலும் ரத்தம், ஒரு கை விரல்கள் விறைத்து மேலே நின்றன, மறு கை பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதை மட்டும்தான் பார்த்தார். ரக்பியில் கீழே விழுந்தவன் பந்தை விடாவிட்டால் பெனால்டி இல்லையா, எழுந்து நின்று "விட்றா பந்த, விட்றா, பெனால்டி குடுத்துருவான்டா" என்று டிவியைப் பார்த்துக் கத்துகிறார். அக்காவும் கூடச் சேர்ந்து கத்தினாள். அத்தைதான், "அண்ணே, அவனுக்கு நெனவே இல்ல" என்றார். உன் அப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார், அன்றைக்குச் சாயங்கால ஆட்டத்துக்கு விசிலைக் கையில் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உருண்ட ஹெல்மெட்டை உங்கள் டீம் ஆள் ஒருத்தன் எடுத்தான், துண்டால் ரத்தத்தைத் துடைத்தான், நீ கண் திறந்து எழுந்ததும் உன் கையிலேயே கொடுத்தான். நீயும் மாட்டிக்கொண்டு திரும்பப் போய் உதைத்தாய். ஜனம் கை தட்டியது. எனக்குச் சிறகு இருந்திருந்தால் பறந்து வந்து அந்தத் துண்டாலேயே அவன் கழுத்தை நெரித்திருப்பேன். முட்டினவனை நம் வீட்டு ரோத்தான் பிரம்பால் தோல் உரியும் வரை வெளுத்திருப்பேன். நீயும் தப்பியிருக்கமாட்டாய்.

திங்கட்கிழமை போனில், டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன், டெஸ்ட் பாஸ், சனிக்கிழமை ஆடுவேன் என்றாய். சீசன் தொடங்கும்போது எடுத்த டெஸ்டில் வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதி வைத்தேன், அடிபட்ட பிறகும் அதைவிட நல்ல மார்க்தான் வரும் என்று சொல்லிச் சிரித்தாய். உன் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ. உள்ளே ஏதோ கலங்கிப் போயிருக்கிறது, அது அவர்களுக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரியும், ஆதாரமும் இருக்கிறது. நீ ஆடவில்லை என்றால் நாளைக்கே உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்பதும் தெரியும். போடட்டும். எனக்கு உன் இடத்தில் போட வேறு ஆள் இல்லை.

முருகன் உனக்குத் துணையிருக்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு, பெற்றவளைப் பேர் சொல்லிக் கேலி செய்கிற அறிவோடு இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, கார் ஓட்டாதே, குளிக்கும்போது கதவைத் தாழ் போடாதே.

கடைசியாக ஒன்று. அன்றைக்குப் போனை வைக்கும் முன்னால், "சதாசிவம் மாமா முழங்கால் வலி எப்படிம்மா இருக்கு" என்று கேட்டாய். இருக்கார்ப்பா, பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை, ஸ்பீக்கரில் தன் புருஷன் பெயரைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அய்யா, உன் உதையைப் போனில் படம் பிடித்து அமெரிக்கக் காலேஜுக்கு அனுப்பிய உன் மாமா, தைப்பூசத்துக்கு மறுவாரம் மாரடைப்பில் இறந்துவிட்டார். செய்தி சொன்ன அன்றைக்கே நீ போனில் குழந்தை மாதிரி அழுதாய். உன் காலேஜ் சட்டையை அவர் மேல் போர்த்தி அனுப்பச் சொன்னவனே நீதான், அப்படியே போர்த்தி அனுப்பினோம். இதைப் படிக்கும்போது இது உனக்குப் புதுச் செய்தியாக இருந்தால், அழுது முடித்துவிட்டு இந்தக் கடிதத்தை டாக்டரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டு. ஹெல்மெட்டைத் தொடாதே.

உன் அம்மா,
வேதவள்ளி