மேல் கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

இளையவள் எழுதுகிறேன். நான் நலம், படகு நலம். செத்துப்போச்சு என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன இன்ஜினும் நலம். அக்காவும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்? குழந்தை அழுவதில் என் மாதிரி என்றால் அந்த வீட்டில் இன்னும் நாலு மாதத்துக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜினை வாங்க நீங்கள் ஏற்பாடு செய்த ஆள் வெள்ளிக்கிழமை வந்தார். வண்டி, கயிறு, அடியில் போடப் பழைய மெத்தை என்று எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தார். நான் கொடுக்கவில்லை. "அப்பாவே சொன்ன பிறகு நீ யாரும்மா குறுக்க?" என்றார். "அதை இப்ப ஓட்டிக்கிட்டிருக்கிற ஆளு" என்றேன். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். உங்களுக்குப் போன் போட்டிருப்பார். போடட்டும்.

இன்ஜினை விற்றுவிட்டு நான் கல்லூரிக்குத் திரும்பவேண்டும் என்பது உங்கள் திட்டம். அங்கே ஒன்றரை வருஷம் இன்ஜினைப் படமாக வரைந்தேன். ஒரு போல்ட்டைக் கழற்ற விட்டார்களா? இங்கே மூன்று வாரத்தில் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

நீங்கள் அக்கா ஊருக்குப் போன மறுநாள் காலை ஏழு மணி ட்ரிப். நர்ஸ் அக்கா, தையல் மாஸ்டர், மில்லுக்குப் போகிற ஆறு பேர். நடுத்தண்ணீரில் இன்ஜின் தும்ம ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் குலுக்கல், கைப்பிடியைத் திருகினால் திணறல், பின்னால் ஒரே புகை. "ஏம்மா, கொசு மருந்து அடிக்கிற வண்டியில தெரியாம ஏறிட்டமா?" என்றார் தையல் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

நெட்டை மெக்கானிக் உங்களிடம் சொன்னதையேதான் என்னிடமும் சொன்னார். "கீழ் சிலிண்டர் போச்சு. கம்ப்ரஷன் இல்ல. வித்துடுங்க." சிலிண்டர் அழுத்தம் அளக்கிற கேஜ் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "முப்பது வருஷமா என் காதுதான் கேஜ்" என்றார். அப்படியென்றால் உங்களுக்குத் தேவைப்படாத அந்தக் கேஜை என்னிடம் கொடுங்கள் என்றேன். முறைத்தார். ஆனாலும் கொடுத்தார். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் முள் நல்ல உயரத்தில், ஒரே இடத்தில்தான் நின்றது. உயிரோடு இருக்கிற ஆளுக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கிறீர்கள்.

பிளக் இரண்டிலும் கரி, ஈரப் பிசுக்கு. கீழ் பிளக் ரொம்ப மோசம். புதுசு மாட்டினேன். இருபது நிமிஷம் ராஜா மாதிரி ஓடியது, பிறகு பழையபடி தும்மல். தீப்பொறி பார்த்தேன், பளிச்சென்று வந்தது. கார்ப்ரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். ஒரு ஸ்பிரிங் தெறித்து மணலில் விழுந்து, அரை நாள் சல்லடை போட்டுத் தேடியதை உங்களிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன். சொல்லிவிட்டேன். அதற்கப்புறமும் தும்மல் நிற்கவில்லை.

அதுவரைக்கும் ஓட்டியதெல்லாம் நீங்கள் ஆயில் கலந்து வைத்துவிட்டுப் போன பெட்ரோல். கலக்கிற வேலையில் யாரையும் கை வைக்க விடமாட்டீர்களே. நாலாவது கேன் தீரப்போகிற அன்று நானே கலந்தேன். நம் அளவுக் கோப்பையில் நீங்கள் கீறிய கணக்குத்தான். பத்து லிட்டர் கேனுக்குக் கீழ் கோடு, இருபது லிட்டர் கேனுக்கு மேல் கோடு. பத்து லிட்டருக்குக் கீழ் கோடு வரைக்கும் ஊற்றிக் கலந்து, புது பிளக் போட்டு இழுத்தேன். தும்மல் இல்லை, புகையும் இல்லை. புது இன்ஜினா என்று நர்ஸ் அக்கா கேட்டாள்.

உங்கள் கேனின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, என் கலவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆயிலின் நீலம் என்னுடையதில் வெளிர். உங்களுடையது பேனா மை. பத்து லிட்டர் கேனுக்கே மேல் கோடு வரைக்கும் ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள். ஆயில் இரட்டிப்பானதால்தான் அந்தப் புகையும் பிளக்கில் கரியும். ஒரு கேன் என்றால் மறதி. நாலு கேனும் அதே புகை விட்டதே!

கோபமாகத்தான் வந்தது. அப்புறம் கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல் கோடு ஆழமான கீறல். கீழ் கோடு மயிரிழை. போன மாதம் படித்துறைத் தூணில் இடித்துவிட்டு, கியர் வழுக்கிவிட்டது என்றீர்கள். பேப்பரைக் கொடுத்தால், அதில் ஒன்றுமில்லை என்று தள்ளி வைக்கிறீர்கள்.

பழுது இன்ஜினில் இல்லை அப்பா. உங்களுக்குக் கண் தெரியவில்லை. அது உங்களுக்கே தெரியும். ஓட்ட முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இன்ஜின் மேல் பழியைப் போட்டீர்கள்.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதை உங்களால் படிக்க முடியாது. அக்காதான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று சொல்லி அவளிடம் நீட்டியிருப்பீர்கள். அக்கா, கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும், பார். நிறுத்தாதே. அவர் போதும் என்பார், நீ மேலே படி.

இன்ஜினை யாருக்கும் தரமாட்டேன். கல்லூரிக்கும் போகமாட்டேன். மூன்று ட்ரிப்பும் நான்தான் ஓட்டுகிறேன், ஓட்டுவேன். உங்கள் கண்ணில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது, நான் பாதியில் நின்றவள். ஆனால் சோதிக்காமலே "போச்சு" என்று சொல்கிறவர் யாரானாலும் நம்பமாட்டேன், அது நீங்களாகவே இருந்தாலும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் வந்து, விற்றே தீருவேன் என்றால் என் எதிரில் நின்று சண்டை போடுங்கள். என் முகம் தெரிகிற ஆளோடுதான் சண்டை போடுவேன்.

அக்கா, ஆஸ்பத்திரிப் படியில் இடறினால் செருப்பைத் திட்டுவார். திட்டட்டும். உன்னையும் திட்டுவார். நீ மட்டும் அவர் கையை விட்டுவிடாதே.

சொன்ன பேச்சைக் கேட்காத,
உங்கள் சின்ன மகள்