பெட்டிக்குள் கிடந்த பஞ்சு

அன்புள்ள மனைவிக்கு,

1. மார்ச் 3: நான் மரப்பெட்டியோடு வாங்கிவந்த பழைய மின்சோதனை மீட்டரை "செத்த எலிப் பொட்டி" என்றாய்.
2. மார்ச் 5: பால் தீய்ந்தபோது, "மூக்க எங்கயாவது அடகு வெச்சுட்டீங்களா?" என்றாய்.
3. மார்ச் 6: "இந்த நாத்தம் போனாத்தான் வருவேன்" என்று மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

இவற்றில் எதையும் நான் மறக்கப்போவதில்லை.

எனினும், மீட்டர் பெட்டிக்குள் ஒட்டியிருந்த பூஞ்சை பிடித்த துணியை உரித்தெறிந்து, பெட்டியை ஸ்பிரிட்டால் துடைத்து, நான்கு நாள் காற்றாட வைத்து, அடுப்புக்கரி போட்டு மூடினேன். நாற்றம் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. சென்ற ஆண்டுக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. நீ பயந்துவிடுவாய் என்றுதான் இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. உன் தலைமுடியின் வாசனையைக்கூட நினைவிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு நாள் பெட்டிக்குள் கிடந்த பஞ்சை இத்துடன் வைத்திருக்கிறேன். முகர்ந்து பார்த்து, மார்ச் 20-க்குள் எழுத்து மூலம் பதில் தரவும். நேரில் வந்து பெட்டியையே முகர்வதானால் பதில் தேவையில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்