மங்குஸ்தான் கறை

மதினி,

இன்று காலை பெட்டியிலிருந்து உங்கள் வெள்ளைச் சேலையை எடுத்தேன். முந்தானையில் மங்குஸ்தான் கறை அப்படியே இருக்கிறது. திடப்படுத்தலுக்கென்று தென்காசியில் எடுத்த சேலை. போதகர் கேள்வி கேட்கும் நாளிலேயே அதைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் பழம் உரித்துத் தின்றுகொண்டே வந்தீர்கள். உங்களைத் திட்டக்கூட எனக்கு அன்று நேரமில்லை.

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் உங்கள் பழக்கடை. சீசனில் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம். அதனாலேயே என் அண்ணனைக் கட்டி முப்பது வருடமாகியும் பேராயர் உங்கள் தலையில் கை வைத்துத் திடப்படுத்தவில்லை. திடப்படுத்தாதவர்களுக்கு எங்கள் சபையில் நற்கருணை அப்பமும் திராட்சரசமும் கிடையாது. எல்லோரும் பீடத்துக்குப் போகும்போது நீங்கள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். ஐம்பத்தைந்து வயதில், "நானும் வாரேம்ட்டி" என்றீர்கள். ஞாயிறு பள்ளி டீச்சர் நான்தானே, நானே பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஏன் நற்கருணை வாங்க விரும்புகிறீர்கள் என்று கேட்டால், பாவமன்னிப்பின் நிச்சயத்துக்காக என்று சொல்ல வேண்டும். நூறு தடவை சொல்ல வைத்தேன்.

போதகர் கேட்டார். நீங்கள் சொன்னீர்கள்: "வாங்குனா சந்தோஷமா இருக்கும்னு தோணுது ஐயா."

அவர் கோபப்படவில்லை. "சிலுவையச் சுமக்கச் சொன்னவர்கிட்ட சந்தோஷத்துக்கா வாறிய? சரி, அந்தச் சந்தோஷம் போயிட்டா என்ன செய்விய?" என்றார். நியாயமான கேள்விதான். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். அதற்குள் நான், "அவங்க சொல்ல வந்தது அதில்ல ஐயா" என்று குறுக்கே விழுந்தேன். என் மானம் போய்க்கொண்டிருந்தது. போதகர் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த தடவ பாப்போம்மா" என்று நோட்டை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "சுயநலத்துக்கு யாராவது ஆண்டவரத் தேடுவாங்களா மதினி?"

"ஏட்டி, நம்ம கடையில கடமைக்குப் பழம் வாங்குதவனும் இருக்கான். தின்னுட்டு கண்ண மூடிக்கிட்டு, இன்னொரு கிலோ போடுங்க ஆச்சின்னு நிக்குதவனும் இருக்கான். எம்பழத்த மதிக்குதவன் எவம்ட்டி?"

எனக்குக் கோபம்தான் கூடியது. இரண்டு மாதம் உங்கள் கடைப் பக்கமே நான் வரவில்லை.

பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தீர்கள். அப்போதும் நான் விடவில்லை. "இப்பவும் சந்தோஷமா இருக்கா மதினி?" என்று கேட்டேன். ஆறுதலுக்காகக் கேட்கவில்லை, ஜெயிப்பதற்காகக் கேட்டேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

"இல்லட்டி," என்றீர்கள். "அதாம்ட்டி நற்கருணை கேக்கேன். வயிறு நெறஞ்சிருந்தா எதுக்குப் பந்தியில போயி உக்காரணும்?"

போதகரிடம் அன்று நீங்கள் சொல்ல வாயெடுத்தது இதுதானோ என்னவோ. உடனே ஒரு போன் போட்டிருந்தால் அவர் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு வந்திருப்பார். சாகக் கிடப்பவரிடம் அவர் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. நான் போன் போடவில்லை. சரியான பதிலை நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

முந்தாநாள் போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். கேட்டு முடித்ததும் அவர், "நீங்க எதுக்கும்மா வாறிய?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனப்பாடப் பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"வராட்டா நாலு பேரு என்ன நெனப்பாங்கன்னு வாரேன் ஐயா," என்றேன்.

இன்று நற்கருணை ஞாயிறு. முதல் மணி அடித்துவிட்டது. உங்கள் சேலையைத்தான் கட்டியிருக்கிறேன், கறை தெரிகிற மாதிரியே. சந்தோஷம் இன்னும் வரவில்லை மதினி. ஆனால் எனக்கு முதல் தடவையாகப் பசிக்கிறது.