சந்தேகத்துக்கு இன்னொண்ணு

இன்று காலை மகள் அமலியைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போனேன். புதுக் கடை; ஏசி, கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிறது. கடைக்காரர் ஒரே தடவை அமுக்கிவிட்டு முடிந்தது என்றார். தலை நேராக இருக்கிறதா என்று கேட்டேன். "கோணலா இருந்தா இன்னா சார், கம்ப்யூட்டர்ல நேராக்கிடலாம்" என்றார். உன் ஞாபகம் வந்து அங்கேயே கண் கலங்கிவிட்டது. நீ இருந்திருந்தால் அந்த ஆளோடு சண்டைக்கே போயிருப்பாய்.

நீ இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. கல்மண்டபம் பக்கத்தில் உன் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். கன்டெய்னர் லாரி போனால் உன் கேமரா ஸ்டாண்டு ஆடும். "இரு மாமு, போவட்டும்" என்று கையைத் தூக்குவாய். லாரி தாண்டும்வரை சிரித்த முகத்தோடே உட்கார்ந்திருப்போம். எந்தப் படத்தையும் இரண்டு தடவை எடுப்பாய். "ஒண்ணு உனுக்கு, இன்னொண்ணு சந்தேகத்துக்கு." உனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? பால் பாக்கெட்டை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாய். மழை இல்லை என்று ரேடியோவில் சொன்னால் அன்றைக்குத்தான் குடையோடு வருவாய். அஞ்சாம் வகுப்பிலிருந்து பழகிய உரிமையில், சந்தேகப் பிராணி என்று உன் முகத்துக்கு நேராகவே கேலி செய்திருக்கிறேன்.

அப்போது அமலிக்கு நாலு வயது. தலை எப்போதும் வலது தோள்பக்கம் சாய்ந்தே இருக்கும். கழுத்தில் உரம் விழுந்திருக்கிறது என்று தெருவில் சொன்னார்கள். சேலையில் போட்டு உருட்டியும் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த முதுகு டாக்டர் ஞாபகம் வந்தார். வெளிநாட்டில் படித்தவர். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. கையாலேயே எலும்பைத் திருப்பிச் சரிசெய்கிற கைரோபிராக்டிக் வைத்தியம் என்று வாசலில் பெரிய போர்டு. ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓட்டிப் பிடித்துக்கொண்ட என் இடுப்பை அவர்தான் நிமிர்த்திவிட்டார். டொக்கென்று ஒரு சத்தம், எழுந்து நடந்தேன். அது பொய்யில்லை. பிள்ளையின் கழுத்தையும் அப்படியே திருப்பிவிடலாம், திங்கட்கிழமை கூட்டிவாருங்கள் என்றார். என் மனைவி ஜெசிந்தாவுக்குப் பயம். நான்தான் பிடிவாதமாக இருந்தேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை, எல்.கே.ஜி.யில் சேர்க்க எடுத்த படத்தை வாங்க உன்னிடம் வந்தேன். நீ படத்தைத் தராமல் கடை ஷட்டரைப் பாதி இறக்கினாய். திங்கட்கிழமை போகாதே என்றாய். அந்த டாக்டர் போர்டில் ஒரு பெண் கூனிக்கொண்டு நிற்பாள். பக்கத்துப் படத்தில் அவளே நிமிர்ந்து நிற்பாள்.

"அந்த ரெண்டு படமும் நான் எட்த்ததுதான் மாமு. ஒரே நாளு. நடுவுல டீ குட்ச்சிட்டு வந்தோம். எல்லாத்துக்கும் ஏன்னு கேக்கற நானு, அதுக்கு மட்டும் கேக்கல."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் இடுப்பு சரியானது உன் கண்ணில் படவில்லையா என்று கத்தினேன். அவரோடு உனக்கு ஏதோ மனஸ்தாபம், அதற்கு என் பிள்ளையை இழுக்கிறாய் என்றேன். பொறாமை பிடித்தவன் என்றும் சொன்னேன். நீ அமலியின் இரண்டு படங்களையும் எடுத்து மேசைமேல் வைத்தாய்.

முதல் படத்தில் வழக்கம்போலத் தலை சாய்ந்திருந்தது. இரண்டாவதில், நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவில் பார்ப்பதைப் பார்த்து, அவளும் விளையாட்டாக ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். வீணாய்ப்போன படம் என்று நினைத்தேன். நீ ஸ்கேலை எடுத்து, படத்தில் அவள் மூக்கின்மேல் செங்குத்தாக வைத்துக் காட்டினாய். தலை நேராக இருந்தது.

"கயுத்துல கோளாறுன்னா, கண்ண பொத்தினா எப்டி நேராவும்?"

ஏன் என்று உனக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய், போட்டோ மாமா மாதிரி பண்ணு என்று அமலியிடம் சொன்னேன். கையை வைத்தாள், தலை நிமிர்ந்தது. எடுத்தாள், சாய்ந்தது. ஜெசிந்தா அழுதுவிட்டாள்.

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணைத் திருப்புகிற தசை ஒன்று பலவீனமாம். தலையை நேராக வைத்தால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, ஒன்றாகப் பார்க்கத்தான் தலையைச் சாய்க்கிறாள், கழுத்தில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டரம்மா. நாலு வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வழி அது. அந்தக் கழுத்தைத்தான் நான் டொக்கென்று திருப்பக் கொடுக்க இருந்தேன்.

ஆபரேஷன் ஆகி அவள் நிமிர்ந்த பிறகு, வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்: போர்டில் இருந்த அந்தப் படங்களைக் கழற்றச் சொல்லி நீ முதுகு டாக்டர் வாசலில் போய் நின்றிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் பொறாமை என்று சொன்னதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று பத்து வருஷத்துக்குமேல் ஓட்டிவிட்டேன். இப்போது கேட்கிறேன் மாமு, மன்னித்துக்கொள்.

அமலி கண்ணைப் பொத்திய அந்த இரண்டாவது படம் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. இன்று கடைக்காரரிடம் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன். நல்லாத்தானே வந்திருக்கிறது, எதற்கு என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அமலி "சந்தேகத்துக்கு" என்றாள். சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணைக் கையால் பொத்தினாள். எடும்மா கையை என்றேன். எடுத்தாள். தலை நேராகவே இருந்தது.