வெளிப்பக்கம் திறக்கும் கதவு

அன்பு மகன் சிதாத்திக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் ஆடுகளும் சுகம், அங்கே நுவாக்சோட் பட்டணத்தில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நீ அனுப்பிய இரும்புக் கதவு லாரியில் வந்தது. பச்சை நிறமும் பூ வேலையுமாக இருந்ததை ஊரே வந்து தட்டிப் பார்த்தது, ஊர் என்றால் இப்போது நாலைந்து வீடுதானே, மற்றதெல்லாம் மணலுக்குள் போயாச்சு. வாப்பா கையோடு மாட்டியும் விட்டார். வெளிப்பக்கம் திறக்கிற கதவு இங்கே ஆகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மகன் அனுப்பியதாயிற்றே என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பட்டணத்தில் உனக்கு மணல் மறந்துபோனது சரி, எங்களுக்கு என்ன கேடு?

போன வெள்ளிக்கிழமை காற்று எழுந்தது. பகலிலேயே விளக்கேற்றி முகத்தை மூடி உட்கார்ந்திருந்தோம். மறுநாள் கதவைத் தள்ளினால் அசையவில்லை, வெளியே இடுப்பளவு மணல், மண்வெட்டியும் வெளியே. வாப்பா தோளால் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல உறுதியான கதவாத்தான் அனுப்பிருக்கான்" என்றார், எனக்கு வந்ததே சிரிப்பு. குடத்தில் தண்ணீர் தீர்ந்ததும் சிரிப்பு போய்ப் பயம் வந்துவிட்டது.

பக்கத்தில் ஆள் இருப்பது ஸெல்கா வீட்டில் மட்டும். மணலை நம் சுவரோரம் தள்ளுகிறாள் என்று நான் சண்டை போட்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சே இல்லை. வெட்கத்தை விட்டுக் கம்பி ஜன்னல் வழியாகக் கத்தினேன். வந்தவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இந்த மணலு யாரோடது தெக்பர், உன்னோடதா என்னோடதா? சொன்னாத்தான் அள்ளுவேன்" என்கிறாள். "எல்லாம் என்னோடதுதான், அள்ளுடி" என்றேன். உன் கதவைத் திட்டித் திட்டியே அள்ளி முடித்தாள், அவள் மண்வெட்டிக் காம்பும் முறிந்தது.

தேநீர் போட்டேன். மூன்றாவது கிளாஸில், தன் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகவும் மூட்டை கட்டியாயிற்று என்றும் சொன்னாள். அழுதுவிட்டேன் மகனே. அவளும் போனால் எங்களை அள்ளி எடுக்க யார், நாங்களும் ஊரை விட வேண்டியதுதான், அதையே வாப்பாவும் சொன்னார். அவள் முறிந்த காம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேற்றுக் காலை வாசலில் நின்று, "கட்டுன மூட்டையப் பிரிக்கணும், வந்து ஒரு கை குடுடி" என்றாள்.

உன் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறோம், வாசலில் கம்பளம் தொங்குகிறது. பேரீச்சம்பழம் பழுக்கும்போது வா, தோப்பு கழுத்துவரை மணலில் இருப்பதால் இந்த வருஷம் ஏற வேண்டாம், குனிந்தே பறிக்கலாம். கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி நீயே மாட்டிக் கொடு. உன் கண்ணில் தூசி விழாமல் அல்லாஹ் காக்கட்டும். வரும்போது ஸெல்காவுக்கு ஒரு நல்ல மண்வெட்டி வாங்கி வர மறக்காதே, அவள் இங்கேதான் இருக்கப் போகிறாள்.

உன் உம்மா,
தெக்பர்