கீழ்த்தட்டுப் பீரங்கிகள்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமான விடயம் என்றாலும் விடமாட்டேன், நான் நல்லவளாகத் தெரியும்படி எதையும் மாற்றமாட்டேன். முதல் பக்கத்திலேயே இப்படி எழுதிவிட்டால் பிறகு தப்ப முடியாதல்லவா?

இன்றைய செய்தி கப்பல்தான். மார்ச் 14 பள்ளிக்கூடக் கண்காட்சி. வரலாறு படிப்பிக்கும் றஸ்மி சேர் போன மாதம் வகுப்பில் சொன்னார்: "ஒவ்வொரு வருஷமும் யாராச்சும் கல்பிட்டிக் கோட்டைய களிமண்ணுல செஞ்சிட்டு வாறீங்க. கோட்டையக் கட்டுனவன் நடந்தா வந்தான்? அவன்ட கப்பல ஒருத்தர் செய்யுங்களே." நான்தான் முதலில் கையை உயர்த்தினேன்.

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர் போர்க்கப்பல். நூறில் ஒரு பங்கு அளவு. வரைபடத்தை சேர் எங்கேயோ ஒரு நூதனசாலையின் இணையத்தளத்தில் எடுத்து, புத்தளத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தார். விலா எலும்புகளை பிளைவூட்டில் வெட்டி நிறுத்திவிட்டேன். பக்கப் பலகைக்கு ஐஸ்கிறீம் குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்து வளைக்கிறேன். இந்த அளவில் அப்பாவின் உயரம் என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதை அவரிடம் சொன்னேன். அவர் கப்பலைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கப்பல், ஒரு மீனும் பிடிக்காது" என்றார்.

கப்பலின் பாய்களை என் வகுப்புத் தோழி அஜித்தா செய்கிறாள். பழைய கட்டில்சீலையை வெறும் தேத்தண்ணியில் ஊறவைத்தால் பழைய பாய் நிறம் வருகிறது. "நீ கப்பல் கட்டுறாய், நான் தேத்தண்ணி ஊத்துறன். கடைசியில ஆருக்குக் கை தட்டுவாங்கள்?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் என்று சொன்னேன்.

பெப்ரவரி 13, வியாழன்

பீரங்கிதான் சரிவரவில்லை. கடதாசியைச் சுருட்டிப் பார்த்தேன். பேனைக் குழாயை வெட்டிப் பார்த்தேன். றஸ்மி சேர் ஒன்றை விரலில் எடுத்து, "என்ன புள்ள, ஒல்லாந்தன் சிகரட்டா குடிச்சான்?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் பிடிக்கவில்லை.

பாரமான பீரங்கிகளைக் கீழ்த்தட்டில்தான் வைப்பார்களாம். சுவீடன் நாட்டில் ஒரு போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே, கரையில் சனம் பார்த்துக்கொண்டிருக்கக் கவிழ்ந்திருக்கிறது. அடியில் பாரம் போதவில்லை. கப்பல் சரிந்தபோது திறந்திருந்த பீரங்கிக் கதவுகளால் தண்ணீர் ஏறியதாம். வாசித்துவிட்டு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 15, சனி

பீரங்கிகள் கிடைத்துவிட்டன. அவ்வளவு அழகு! எப்படிக் கிடைத்தன என்று நாளை எழுதுகிறேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் கடற்கரைக்குப் போனேன். கரையில் நின்று இழுக்கிற எங்கள் கரவலை, வலைச்சாமான் வைக்கிற வாடிக் கொட்டிலுக்கு முன்னால் காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் அப்பாதான் சம்மாட்டி. வலை அவருடையது, இழுக்கிறவர்கள் பங்குக்கு இழுக்கிறார்கள். அஜித்தாவின் அப்பா கில்பட் மாமாவும் கயிறு இழுப்பவர்தான். மற்ற நேரத்தில் வலைக்குக் காவலும் அவர்தான்.

என்னைக் கண்டதும் எழும்பினார். "மகள், ஒருக்கா இதில இருந்து பாத்துக்கொள்ளுறியா? ரெண்டு வாய் சோறு தின்னிட்டு ஓடி வாறன். நாய் வந்து வலையில படுத்தா உன்ட அப்பா நாயை விட்டிட்டு என்னையெல்லோ கலைப்பார்."

இருந்தேன். அடிக்கயிற்றில், வலையின் அடியை நிலத்தோடு அமர்த்திவைக்கிற ஈயக்குண்டுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சின்னக் குழாய்கள், நடுவில் துளை. கொம்பாஸ் பெட்டியிலிருந்து அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். கீழ்த்தட்டுப் பீரங்கி இந்த அளவில் எவ்வளவு வரவேண்டுமோ, அவ்வளவு! எடுக்கக்கூடாது என்று தோன்றவே இல்லை. அளவு சரி, அளவு சரி என்று மட்டும்தான் மனம் துள்ளியது.

ஓரத்தில் உள்ளவை மெல்லியவை. மீன் போய்ச் சேரும் மடிக்குப் பக்கத்தில் கட்டியவைதான் நல்ல தடிப்பு. பென்சில் சீவுகிற பிளேட்டால் அந்தக் கட்டுகளை வெட்டினேன். வித்தியாசம் தெரியாமலிருக்க ஒன்று விட்டு ஒன்று வெட்டினேன். (இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன் — பிழையில்லை என்று நினைத்தவள் ஏன் தெரியாதபடி வெட்டினாள்?)

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். புத்தளம் போகும்போது பார்ப்போம் என்பார். எனக்கு அன்றைக்கே வேண்டும்.

கில்பட் மாமா திரும்பி வரும்போது காவலுக்கு இருந்ததற்காக உப்புத்தூள் போட்ட மாங்காய்த்துண்டு கொண்டுவந்து தந்தார். சாப்பிட்டேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

காலையில் பாரை மீன் கூட்டம் வந்தது. இந்த வருடம் முதல் தடவை. பள்ளிக்கூடச் சட்டையோடு நானும் ஓடினேன். மீன் விற்கிற றோசமேரி அக்கா, இன்னும் பல பெண்கள் குண்டான்களோடு நின்றார்கள். இரண்டு பக்கமும் கயிறு ஏறிக்கொண்டே வந்தது. மடி தெரிந்தது. உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்.

பிறகு மடிக்குப் பக்கத்தில் வலையின் அடி எழும்பியது.

"அடியால போகுது! அடியால!" என்று கத்தினார்கள். அப்பா இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து அடிக்கயிற்றைக் காலால் மிதித்தார். ஒரு கால் மிதித்த இடத்துக்கு அடுத்த இடத்தால் மீன் போனது. வெள்ளி வெள்ளியாகப் போனது. மடியில் கடைசியில் வந்தது கொஞ்சம் சூடை மீனும் சொறிமுட்டையும்தான். றோசமேரி அக்கா குண்டானைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டார்.

அப்பா அடிக்கயிற்றைக் கையில் எடுத்து நூலின் நுனிகளைப் பார்த்தார். "இது தேய்ஞ்சு அறுந்ததில்ல. வெட்டினது."

எல்லாரும் கில்பட் மாமாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஒருமுறைதான். பிறகு மணலைப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி நான் போய்விட்டேன்.

பெப்ரவரி 19, புதன்

அம்மா சொல்லித்தான் மிச்சம் தெரியும். "பழைய இரும்புக்காரன் இந்தப் பக்கம் சுத்தித் திரிஞ்சவன். அவனுக்கா குடுத்தனீ?" என்று அப்பா எல்லாருக்கும் முன்னால் கேட்டாராம். "என்ட பிள்ளையாணை நான் தொடேல்ல சம்மாட்டி" என்றாராம் கில்பட் மாமா. அப்படியென்றால் யார் எடுத்தது என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லையாம்.

"சொல்லாம நிண்டானே, அதிலயே தெரியுது" என்றார் அம்மா.

கில்பட் மாமா இனிக் கயிறு தொடக்கூடாது.

பீரங்கிகள் கறுப்பு மை காய்ந்து மேசையில் இருந்தன. அப்பா குனிந்து பார்த்தார். கை ஈரம் என்று தொடவில்லை. "என்னத்தில செய்தது?" என்றார்.

களிமண் என்றேன்.

பெப்ரவரி 24, திங்கள்

அஜித்தா இன்றைக்கும் என் பக்கத்தில்தான் இருந்தாள். பின்வரிசை வாங்கிலிலிருந்து றொகான், "அஜித்தா, வாங்கில ஒரு ஆணி கழண்டு கிடக்கு. அப்பாட்டக் குடு, இரும்புக்காரன் வருவான்" என்றான். அவள் பகிடிக்குச் சிரிப்பதுபோல் சிரித்தாள். காது சிவந்திருந்தது.

இடைவேளையில் பாய்களைத் தந்தாள். ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருக்கிறாள். அவ்வளவு சின்னத் தையல்.

"மெரினா, உன்ட அப்பாட்ட ஒரு சொல்லுச் சொல்லுறியா? நீ கேட்டாக் கேப்பார்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

தவணை முடிய அவர்கள் சிலாபத்துக்கு, பெரியம்மா வீட்டுக்கே போய்விடுவார்களாம். இங்கே வேறு வலைக்காரரும் அவரை எடுக்கமாட்டோம் என்கிறார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

பாய் ஏற்றினேன். கப்பல் முடிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை. நாளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் றஸ்மி சேரிடம் ஒருக்கால் காட்டவேண்டும்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. கில்பட் மாமா கடைசியாக வந்து நெற்றியில் சாம்பல் வாங்கினார். அவர் இருந்த வாங்கிலில் இரண்டு பக்கமும் இடம் வெறுமையாகக் கிடந்தது. கோயில் நிறையச் சனம்.

மார்ச் 7, வெள்ளி

பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இந்தக் கொப்பிக்கு வெளியே முதல் தடவையாகச் சொன்னேன். அழுதுவிட்டேன். சுவாமி பொறுத்திருந்து கேட்டார்.

"பாவத்துக்கு மன்னிப்பு உண்டு பிள்ளை. அதை நான் தாறன். ஆனா அந்த மனுசன்ட பேரை நீ எடுத்திட்டாய். அதை நான் எங்கயிருந்து எடுத்துக் குடுக்கிறது?"

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் பார் என்றார். கொடுப்பேன்.

மார்ச் 8, சனி

கொடுத்துவிட்டேன்! பீரங்கிகளைக் கப்பலிலிருந்து கழற்றி, மண்ணெண்ணெயில் மை போகும்வரை தேய்த்து, ஒரு பையில் போட்டு வாடிக்குள் விரித்துக் கிடந்த படுக்கைப் பாய்க்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். யாரும் காணவில்லை. ஈயம் கிடைத்துவிட்டால் கதை முடிந்துவிடும்.

மார்ச் 10, திங்கள்

முடியவில்லை. ஐயோ, நான் என்ன மடைச்சி.

காவலுக்கு இருந்தபோது கில்பட் மாமா படுத்த பாய் அது. பையை எடுத்தவர்கள் சொல்கிறார்கள்: "பயந்துபோய்க் கொண்டுவந்து வைச்சிட்டான்." இவ்வளவு நாளும் அரைவாசிப் பேராவது அவர் எடுத்திருக்கமாட்டார் என்றார்கள். இப்போது ஒருவரும் இல்லை.

அஜித்தா இன்றைக்கு வரவில்லை.

கப்பலின் பீரங்கிக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிப் பசை போட்டேன். பெரிய கடலில் கீழ்த்தட்டுக் கதவுகளை மூடிக்கொண்டுதான் ஓடுவார்கள். அது வரலாற்றுப்படி சரி. யாராவது கேட்டால் அதைச் சொல்லலாம்.

எவ்வளவு வசதியாக வாசித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"முழுக் கரையும் நிக்க அவனைக் கள்ளன் எண்டு சொன்னனே" என்றார். இரண்டு தரம் சொன்னார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "இது வீட்டுக்குள்ள இருக்கட்டும். அவனைத் திரும்பக் கூப்பிடுறன். மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிக் கூப்பிடுறன். அவனுக்கும் வேலை, எங்களுக்கும் மானம்" என்றார்.

"அவர் எடுக்கேல்லையே அப்பா. எதை மன்னிக்கிறது?"

"வாயை மூடு."

அம்மா என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னுமொரு கரண்டி சோறு போட்டார்.

மார்ச் 14, வெள்ளி

கண்காட்சி.

கப்பலைச் சுற்றிச் சனம் நின்றது. சின்னப் பிள்ளைகள் கயிற்றேணியை எண்ணினார்கள். பாய்களுக்குப் பக்கத்தில் அஜித்தாவின் பெயரை எழுதி ஒட்டியிருந்தேன். அதற்குக் கீழே யாரோ பென்சிலால் "ஈயம்" என்று எழுதியிருந்தார்கள். அழித்தேன்.

பத்து மணிபோல் அப்பா வெள்ளைச் சேட்டோடு வந்தார். அம்மா, றோசமேரி அக்கா, கயிறு இழுக்கிற நாலைந்து பேர். நான் விளக்கம் சொன்னேன். அளவு, பாய்மரம், எல்லாம் பாடமாக இருந்தது. எல்லாரும் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

றஸ்மி சேர் வந்து குனிந்தார். "கீழ்த்தட்டு எல்லாம் மூடிக்கிடக்கே புள்ள. போன கிழம நல்ல பீரங்கி ஈந்திச்சே?"

"பெரிய கடலில், சேர், கீழ்த்தட்டுக் கதவுகளை மூடிக்கொண்டு—"

அதற்குமேல் வரவில்லை. றோசமேரி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பீரங்கி இருந்தது சேர். அது எங்கட வலையின்ட ஈயம். நான்தான் வெட்டினது. கில்பட் மாமா இல்ல. அவர் சாப்பிடப் போகேக்க என்னைப் பாத்துக்கொள்ளச் சொன்னவர், நான் வெட்டினன். வாடிக்குள்ள வைச்சதும் நான்."

அப்பா வெளியே போய்விட்டார். றோசமேரி அக்கா, "அடி பாவி" என்றார். சத்தமாகக்கூட இல்லை. றஸ்மி சேர் பின்னால் வந்த பிள்ளைகளிடம், "நீங்க அந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லி, ஒரு கதிரையை இழுத்து என்னை இருத்தினார். அதன்பிறகு கப்பலைப் பார்க்க வந்தவர்கள் என்னையும் பார்த்தார்கள்.

மார்ச் 15, சனி

இன்று காலை கரையில், வலை ஏற்ற முன்பு, அப்பா ஆள் அனுப்பிக் கில்பட் மாமாவைக் கூப்பிட்டாராம். அம்மா போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"கில்பட், நான் சொன்னது பிழை. என்ட பிள்ளை செய்த வேலை. நீ மன்னிக்கவேணும்" என்றாராம் அப்பா. பிறகு, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம்.

"அவ இருந்தவ எண்டு தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"சம்மாட்டிட பிள்ளையைக் கள்ளி எண்டு சொல்லிட்டு, நான் பிறகு எந்தக் கரையில கயிறு பிடிக்கிறது?"

கில்பட் மாமா போய்க் கயிற்றைப் பிடித்தாராம். இனிச் சிலாபத்துக்குப் போகமாட்டார்களாம்.

சந்தோசப்படலாமா? தெரியவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து என்னோடு கதைக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

அஜித்தா பள்ளிக்கூடம் வந்தாள். புத்தகப்பையை எடுத்துக்கொண்டு முன்வாங்கிலுக்குப் போய் இருந்தாள். இடைவேளையில் தண்ணீர்ப் பைப்படியில் பிடித்தேன்.

"நான் எல்லாருக்கும் முன்னால சொன்னன்தானே" என்றேன்.

"ஓம். எல்லாருக்கும் சொன்னாய்." முகத்தைக் கழுவினாள். "கண்காட்சிக்கு வந்தவன் போனவன் எல்லாருக்கும் சொன்னாய். என்ட அப்பாட்ட வந்தியா? உன்ட அப்பா வந்து கேட்டவர். நீ வரேல்ல."

உண்மை. அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். சொன்ன பிறகு எனக்கு உடம்பு லேசாக இருந்தது. அதையே முடிவு என்று நினைத்துவிட்டேன்.

பொழுதுபட, அம்மாவிடம் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னறைச் சன்னல் திறந்திருந்தது. ரீவி ஓடியது. கில்பட் மாமா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அஜித்தா அவருக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள்.

வேலிப் படலையில் நின்று, "கில்பட் மாமா" என்றேன்.

ரீவிச் சத்தம் நின்றது.

"நான் மெரினா. உங்களிட்டத்தான் வந்தனான்."

அவர் சன்னல் பக்கம் திரும்பினார். என்னைக் கண்டார். கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பி வருகிறார் என்று நினைத்துப் படலையைத் திறக்கக் கை வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் போனார். லைற்றை அணைத்துவிட்டார்.